மலையில் எரிவாயு எடுக்க வண்டி வந்துவிட்டது என்கிறார்களே, கிராம சபையில் என்ன தீர்மானம் போடுவது?

நெடுகுளாக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம். ஒன்றரை ஏக்கர் தேயிலை, ஓடையோரத்தில் கொஞ்சம் கேரட், பீன்ஸ், இதுதான் எங்கள் பிழைப்பு.

போன வாரம் பக்கத்து ஹட்டியில் (எங்கள் பக்கம் ஊரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு லாரி வந்து நின்றது. அதில் பெரிய பம்ப், தடித்த ரப்பர் மாட்டிய நீளமான இரும்புக் குழாய்கள், பின்னாலேயே ஒரு தண்ணீர் டேங்கர். குடிநீர்ப் போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கும் இடத்தில் காலையிலிருந்து மதியம் வரை ஏதோ செய்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் இருந்த மதிப்பீட்டுத் தாளையும் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டார். தாளில் 'ஹைட்ரோ பிராக்சரிங்' என்று எழுதியிருக்கிறது. அன்று ராத்திரியே ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. நெடுவாசலில் விரட்டிவிட்டார்கள் என்று இப்போது நீலகிரிக்கு வந்துவிட்டார்கள், பாறையை உடைத்து மீத்தேன் எடுக்கப் போகிறார்கள், ஊற்றெல்லாம் விஷமாகிவிடும், மலை சரிந்துவிடும் என்று அழுகிற குரலில் ஒரு அம்மா பேசுகிறார். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதைப் பார்த்த ஊர் இது. இங்கே மலை சரியும் என்று சொன்னால் யாருக்கும் தூக்கம் வராது. என் மாமியார் இரண்டு நாளாகக் குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்கள் பையன்கள் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள். 'எங்கள் ஊராட்சியில் நடக்கும் மீத்தேன் எடுக்கும் பணியை உடனே நிறுத்த வேண்டும்' என்று. கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடமும் வந்தார்கள். போட மனமிருக்கிறது, ஆனால் நடக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் போடுவது? கல்லூரியில் என்னோடு படித்த தோழி மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், மீத்தேன் திட்டத்தால் அவள் ஊர் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன், அதனால் சும்மா வதந்தி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கம்ப்ரசர் வண்டி எழுதியது:

தங்கச்சி, நான் திருச்செங்கோடு, இருபத்திரண்டு வருடமாக போர் வண்டித் தொழில். மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு உங்கள் மலையிலும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற குழாய், ரப்பர், டேங்கர் எல்லாம் வைத்துப் பார்த்தால் அது எரிவாயு எடுக்கும் வண்டி இல்லை. தண்ணீர் குறைந்துபோன குடிநீர்ப் போருக்கு வைத்தியம் பார்க்கும் வண்டி.

அதைச் செய்வது இப்படித்தான். பழைய போரில் பாறை வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் வரும். நாளாக நாளாக அந்த வெடிப்பில் சேறு அடைத்துக்கொள்ளும். கெட்டிப் பாறை இருக்கும் ஆழத்துக்கு அந்த ரப்பர் மாட்டிய குழாயை இறக்கி, ரப்பரை உப்ப வைத்து, போரை நடுவில் அடைப்பார்கள். அதற்குக் கீழே வெறும் தண்ணீரை அழுத்தமாக அடிப்பார்கள். வெடிப்பு கொஞ்சம் திறக்கும், அடைத்திருந்த சேறு நகரும், பக்கத்தில் இருக்கும் வேறு வெடிப்போடு சேர்ந்தால் தண்ணீர் கூடும், சேராவிட்டால் செலவு வீண். ஒன்றிரண்டு டேங்கர் தண்ணீரோடு முடிந்துவிடும். மருந்து எதுவும் கலப்பதில்லை. குடிநீர் வடிகால் வாரியம் தமிழ்நாட்டில் பல வருடமாக இதைச் செய்கிறது. இதற்கும் பெயர் ஹைட்ரோ பிராக்சரிங்தான், அங்கேதான் குழப்பம் வந்திருக்கிறது. பெயர் ஒன்று, வேலை வேறு.

எரிவாயுவுக்குச் செய்வது இதைப்போல் பல நூறு மடங்கு. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கீழே போய், அங்கிருந்து குழாயைப் படுக்கையாகத் திருப்பி, ஷேல் என்கிற களிப்பாறையை உடைக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் ஒரு கிணற்றுக்கு அரைக் கோடி லிட்டரில் இருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் போகிறது. குறைச்சலாக 1 கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10,000 லிட்டர் டேங்கர் ஆயிரம் தடவை மேட்டுப்பாளையத்தில் இருந்து கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், ஒரே ஒரு கிணற்றுக்கு. அப்படி ஒன்று நடந்தால் உங்களுக்கு வாட்ஸ்ஆப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்காது.

அதற்கும் மேலே ஒரு விஷயம், உங்கள் மலையில் எரிவாயு கிடையாது. கம்பெனிக்காரன் தேடினாலும் கிடைக்காது. உங்கள் ஊரில் போர் போட்டால் முதலில் செம்மண் வரும், அப்புறம் கையில் நசுக்கினால் உதிர்கிற மக்கின பாறை, அதற்குக் கீழே கருநீலக் கல். துளை போடும் பிட்டு அதில் இறங்கும்போது சத்தமே மாறிவிடும், தூள் சாம்பல் நிறத்தில் கோதுமை மாவு மாதிரி பறந்து வந்து கண் இமையில் ஒட்டும். அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். பூமியின் அடியில் ஆழத்தில் பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை, 250 கோடி வருடத்துப் பழசு. எரிவாயு என்பது செடியும் பாசியும் கடல் உயிரும் சேற்றில் புதைந்து, சேறு படிவுப்பாறையாகி, பல லட்சம் வருடம் அடுக்கடுக்காக அமுங்கிக் கிடந்தால் வருவது. இந்தப் பாறை உருவான காலத்தில் நிலத்தில் செடியே கிடையாது. பழனி மலையும் இதே கல்தான்.

அதனால் பையன்களின் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் நாளைக்கு உங்கள் ஹட்டிக்குத் தண்ணீர் வராது, வண்டிக்காரனை விரட்டிவிட்டோம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் தொழிலுக்கு எதிராகத்தான். இந்த மலையில் நான் பயப்படுவது எரிவாயுவுக்கு இல்லை, போருக்கு. போர் போட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று விதி இருப்பது சும்மா இல்லை. மேலே ஒரு விடுதிக்கு ஆழமாகப் போட்டு இறைத்தால் கீழே இருக்கும் ஊற்று வற்றிவிடும், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் கிராம சபையில் பேசுங்கள்.


நெடுகுளாக்காரி எழுதியது:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. மாமியாருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், முதல் டம்ளர் தண்ணீரை மோந்து பார்க்காமல் குடித்தார்.

அப்படியென்றால் தீர்மானத்தையே கிழித்துப் போட்டுவிடலாமா? பையன்களுக்கு முகம் வாடிவிடும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.


நீடாமங்கலம் வாத்தியார் எழுதியது:

கிழிக்க வேண்டாம் அம்மா. திருத்தி எழுதலாம்.

எனக்குச் சொந்த ஊர் திருவாரூர் மாவட்டம், பதினொரு வருடமாகக் கூடலூரில் ஆசிரியர். கம்ப்ரசர் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. உங்கள் மலையில் இல்லாதது எங்கள் ஊரில் இருக்கிறது. கடல் விட்டுப்போன சேறும் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாக அடுக்கியிருக்கிறது. நல்ல நெல் விளைகிற அதே படிவுதான் எங்களுக்கு வினையாகவும் வந்தது.

முதலில் வந்தது மீத்தேன். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், 2011 ஜனவரியில் மாநில அரசும் ஒப்பந்தம் போட்டது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் காலையில் அப்பா வரப்பு வெட்டப் போனபோது சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைக்குச்சி ஒன்று நட்டிருந்தது. நட்டவர் யார், எதற்கு, பக்கத்து வயல்காரருக்கும் தெரியவில்லை, கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அப்பா அதைப் பிடுங்கவில்லை. சர்க்கார் குச்சி, பிடுங்கினால் வழக்கு வரும் என்று பயம். மூன்று மாதம் அதைச் சுற்றி உழுதார். அந்த வட்டத்தில் மட்டும் புல் முளைத்துக் கிடந்தது.

மீத்தேன் என்பது உங்கள் பையன்கள் நினைப்பது போலப் பாறையை உடைத்து எடுப்பது அல்ல, அது வேறு வகை. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரிப் படிவம் இருக்கிறது, அதற்குள் வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறைத்து வெளியே கொட்டினால்தான் வாயு பிரிந்து வரும். பக்கத்தில் கடல். நல்ல தண்ணீர் இறங்க இறங்க உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். இதை நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய், விவசாயிக்குப் புரியும்படி சொன்னார். 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர் போனபோதும் இந்தப் போராட்டத்தில்தான் இருந்தார். 2013-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு போட்டது, 2015 அக்டோபரில் அனுமதி இல்லை என்று முடிவு செய்தது.

அத்தோடு தீரவில்லை. 2016-ல் மத்திய அரசு உரிமக் கொள்கையையே மாற்றிவிட்டது. முன்பு எண்ணெய்க்கு ஒரு உரிமம், மீத்தேனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்ததை ஒரே உரிமமாக ஆக்கி, அதை வைத்து ஷேல் உட்பட எதையும் எடுக்கலாம் என்று வந்தது. அதனால்தான் 2017 பிப்ரவரி 15-ல் 31 இடங்களுக்கு ஒப்புதல் கொடுத்தபோது எல்லோர் வாயிலும் 'ஹைட்ரோகார்பன்' என்ற புதுச் சொல் வந்தது, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் அது. அந்த 31-ல் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல். மறுநாளே ஊர் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. வாக்குறுதியை நம்பி ஒரு தடவை எழுந்தார்கள், ஏப்ரலில் மறுபடியும் உட்கார்ந்து 174 நாள் நடத்தினார்கள். பந்தலில் பெண்கள்தான் அதிகம். நாற்று நடவுக்குப் போய்விட்டு மதியம் சேலையில் சேறோடு வந்து உட்காருவார்கள். அந்த வருடம் ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் வெடித்து வயலில் ஓடியது, கேட்கப் போனவர்கள்மீது தடியடி, பேராசிரியர் ஜெயராமனும் இன்னும் சிலரும் சிறைக்குப் போனார்கள்.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எதற்கும் அந்த மண்டலத்தில் துளை போடக் கூடாது. நல்ல சட்டம்தான், ஆனால் ஏற்கெனவே இருக்கும் கிணறுகளைத் தொடவில்லை, டெல்டா முழுவதையும் சேர்க்கவும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், 2020 ஜனவரியில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை வேறு பட்டியலுக்கு மாற்றிவிட்டது. அந்தப் பட்டியலில் இருந்தால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாம். அப்பா காலத்து முளைக்குச்சிதான் திரும்பவும், இந்தத் தடவை சட்டப்படி.

உங்கள் ஊர் தீர்மானம் இதைப் பேசட்டும் என்கிறேன். எங்களுக்காகக் கேட்கவில்லை. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாறு தெரியும், தூரத்தில் பவானிசாகர் தெரியும். அந்தத் தண்ணீரில் மிஞ்சுவது பவானி கூடுதுறையில் காவிரியில் விழுகிறது. நீங்கள் ஓடையில் பூச்சிமருந்து டப்பா கழுவாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வாய்க்கால் வரைக்கும் வருகிறது. மேலே இருப்பவர்கள் கீழே நடப்பதைப் பற்றி ஒரு வரி எழுதினால் அது அந்நியர் விவகாரம் ஆகாது.


ஊட்டி டாக்சி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். என் அம்மா காலத்தில் இந்த மலையில் விறகு பொறுக்காத வீடு கிடையாது. சோலை ஓரமெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்தது. சிலிண்டர் வந்த பிறகுதான் அது குறைந்தது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம், எரிவாயுவிலும் கிட்டத்தட்டப் பாதி வாங்குகிறோம். சண்டை எங்கேயாவது நடந்தால் இங்கே டீசல் ஏறுகிறது, என் வண்டி நிற்கிறது. எல்லா ஊரும் எங்கள் ஊரில் வேண்டாம் என்று சொன்னால் அடுப்பு எதில் எரியும்? இதற்கு நேர்மையான பதில் வேண்டும்.


நீடாமங்கலம் வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, இதைக் கேட்காமல் போராட்டம் பேசக் கூடாது.

முதலில் ஒரு விவரம். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும், பெரும்பகுதி இறக்குமதி. மீத்தேன் வேறு. மன்னார்குடியில் எடுத்தாலும் அது உன் அம்மாவின் சிலிண்டருக்கு வராது, குழாயில் மின் நிலையத்துக்கோ உரத் தொழிற்சாலைக்கோ போகும்.

அடுத்தது, எங்கள் ஊர் ஒன்றும் கொடுக்காத ஊர் இல்லை. நரிமணத்தில் எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பு ஆலை நடந்தது. திருமாக்கோட்டை, குத்தாலம், ராமநாதபுரத்தில் வழுதூர், இங்கெல்லாம் அந்தந்த வட்டார எரிவாயுவில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். பல வருடம் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தது. பழைய முறையில் வாயு தானாக ஒரு இடத்தில் தேங்கியிருக்கும், ஒரு கிணறு போட்டால் வருடக்கணக்கில் வரும். ஷேலில் அப்படி இல்லை, முதல் இரண்டு வருடத்தில் மளமளவென்று குறைந்துவிடும், அப்புறம் பக்கத்தில் இன்னொரு கிணறு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ரோடு, குட்டை, லாரி. தாளடி (இரண்டாம் போக நெல்) அறுக்கும் வயலில் அதற்கு இடம் எங்கே? ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் ரசாயனம் வெறும் அரை சதவீதம் என்பார்கள். அது 50,000 லிட்டர். உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு உப்பும் அடியில் இருக்கும் கன உலோகமும் கலந்து திரும்பி மேலே வரும். காவிரி மேட்டூரிலிருந்து எப்போது திறப்பார்கள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுத்து, திரும்பி வந்ததை எங்கே கொட்டுவது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு யாராவது வந்தால் பேசலாம். இதுவரை ஊரில் வந்து ஒருவரும் சொல்லவில்லை.


குன்னூர் செவிலி எழுதியது:

நான் நான்கு வருடம் இங்கிலாந்தில் லங்காஷயரில் வேலை பார்த்தேன், இப்போது குன்னூருக்கே திரும்பிவிட்டேன். அங்கே பிளாக்பூல் என்று ஒரு கடற்கரை ஊர், அதற்குப் பக்கத்தில் பிரஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில் ஷேல் கிணறு போட்டார்கள். 2019 ஆகஸ்ட் 26 அன்று, அங்கே விடுமுறை நாள், இரவுப் பணி முடித்து வந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டரை மணி. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி ஒரு நிமிடம் போலத் தோன்றும் அளவுக்குச் சத்தம், உண்மையில் இரண்டு மூன்று வினாடிதான். பக்கத்து வீட்டுப் பாட்டி இரவு உடையோடு வெளியே வந்து நின்றார். அது 2.9 அளவு நிலநடுக்கம், கிணற்றில் தண்ணீர் அடித்ததால் வந்தது. நமக்கு 2.9 என்பது சின்ன எண். அங்கே தரை அசைந்து பழக்கமே இல்லாதவர்கள் அன்று முழுக்கச் சுவரில் விரிசல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்பே 2011-ல் அதே வட்டாரத்தில் வேறொரு கிணற்றால் 2.3 வந்திருந்தது. 2015-ல் அந்த மாவட்ட மன்றம் அனுமதி இல்லை என்று சொன்னது, அடுத்த வருடம் லண்டனில் இருந்த அமைச்சர் அதைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். ஊர்க்காரர்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. மஞ்சள் துணி தலையில் கட்டிய பாட்டிகள் கிணற்றின் வாசலில் நாற்காலி போட்டுத் தினமும் உட்கார்ந்தார்கள், மழை என்றாலும். எங்கள் ஹட்டிப் பாட்டிகள் வெள்ளைத் துணி தலையில் கட்டிக் காரியத்துக்குப் போவது எனக்கு நினைவு வரும், போய்ப் பேசுவேன், ரொட்டியும் தேநீரும் கொடுப்பார்கள். 2019 நவம்பரில் அரசு நிறுத்தி வைத்தது. 2022 செப்டம்பரில் வந்த புதுப் பிரதமர் மறுபடியும் திறந்துவிட்டார், ஒரே மாதத்தில் அவர் போய் அடுத்தவர் வந்து மறுபடி மூடினார். பாட்டிகள் நாற்காலியை மடித்து வைத்திருந்தார்களே தவிரத் தூக்கிப் போடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாட்டிகளுக்கு எண் தெரியும். எத்தனை லாரி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, என்ன தேதி, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள். நிறுவனம் ஒன்று சொன்னால் நோட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். உங்கள் பையன்களுக்கு முதலில் அந்த நோட்டை வாங்கிக் கொடுங்கள் அக்கா.


மன்னவனூர் பூண்டு எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் மலையின் தெற்குச் சரிவில் இறங்குகிற வராக நதியும் மஞ்சளாறும் வைகைக்குத்தான் போகின்றன, வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. 2025-ல் அந்த ராமநாதபுரத்தில்தான் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது வெளியே வந்தது. சத்தம் எழுந்ததும் மாநில அரசு விடமாட்டோம் என்று அறிவித்தது. வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் ராமநாதபுரம் இல்லை, வாத்தியார் சொன்ன ஓட்டை இதுதான். ஆய்வுக் கிணறு என்றால் உடனே பாறை உடைப்பு என்று அர்த்தம் இல்லை, அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வில் கிடைத்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று சொல்வது பத்து மடங்கு கஷ்டம்.

கொடைக்கானலில் நாங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். வெப்பமானி ஆலை வந்தபோது வேலை கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டோம். 2001-ல் பாதரசக் கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் மூட்டையாகக் கிடந்ததைக் கண்டுபிடித்து ஊர் கேட்ட பிறகுதான் ஆலை மூடியது. அங்கே வேலை செய்தவர்களுக்கு இழப்பீடு கிடைக்க 2016 ஆயிற்று. கழிவு வெளியே வந்த பிறகு கேட்டால் பதினைந்து வருடம் ஆகும்.

நீலகிரிக்காரர்களுக்கும் இது புதிது இல்லை. சிங்காராவில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். இந்தக் கெட்டிச் சார்னோக்கைட் பாறையைக் குடைந்து உள்ளே கருவி வைக்கலாம் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதுமலைப் புலிகளும் யானைத் தடமும் இருக்கின்றன என்று 2009-ல் மத்திய அரசே அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, திட்டம் தேனி பொட்டிப்புரம் பக்கம் போனது. கம்ப்ரசர் அண்ணனின் கல்லில் எரிவாயு இல்லாவிட்டாலும் அதைத் துளைக்க வேறு காரணம் சொல்லி யாராவது வரலாம். அதனால் பழகிக்கொள்வது நல்லது.

இப்போது வேலைக்கு வருகிறேன். கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள். ஒடிசாவில் நியமகிரியில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டத்தின் பலம். உங்கள் பக்கம் இருளர், குறும்பர் ஊர்களுக்கு அந்தப் பலம் உண்டு, அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களின் தீர்மானம் திட்டத்தைத் தானாக நிறுத்தாது. ஆனால் மதுரை அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் ஏலம் தெரிந்ததும் சுற்று வட்டார ஊர்கள் வரிசையாகத் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரி 7-ல் மதுரைக்கு நடந்தே போனார்கள், 23-ம் தேதி ஏலம் ரத்து. அந்தத் தாள்களில் ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், மலைப் பெயர் எல்லாம் இருந்தது. 'எல்லாத் திட்டங்களையும் எதிர்க்கிறோம்' என்று பொதுவாக எழுதினால் அதிகாரி கோப்பில் போட்டு மூடிவிடுவார். நடக்காத ஒன்றை நடக்கிறது என்று எழுதினாலோ, அடுத்த தடவை உண்மையாகவே நடக்கும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டியே வாயை அடைப்பார்கள். வேண்டுமென்றால் எழுதியதை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.


நெடுகுளாக்காரி எழுதியது:

நேற்று ராத்திரி பையன்களோடு உட்கார்ந்து எழுதினோம். முதலில் ஒருத்தனுக்குக் கோபம், நாம் பொய் சொல்லிவிட்டோம் என்கிறீர்களா என்று கேட்டான். அப்படியில்லை, ஊர்மேல் அக்கறை இருந்ததால்தான் படம் எடுத்தாய் என்று சொன்னேன். அப்புறம் அவனேதான் கூடுதலாக எழுதினான்.

எழுதியது இதுதான். ஒன்று, பக்கத்து ஹட்டியில் நடந்தது குடிநீர்ப் போர் சீரமைப்பு என்பதைக் கிராம சபை பதிவு செய்கிறது. இனிமேல் ஊராட்சி எந்த வேலைக்கு மதிப்பீடு ஒட்டினாலும் அது என்ன வேலை என்று தமிழில் நான்கு வரி சேர்த்து ஒட்ட வேண்டும். இரண்டு, எங்கள் ஊராட்சியில் இருக்கும் ஏழு ஊற்றுகளின் பெயரும் எழுதி, அவற்றுக்கு மேலே சரிவில் புதுப் போருக்கு அனுமதி கொடுக்கும் முன்னால் கிராம சபையில் வைக்க வேண்டும். (ஏழு என்பதே எங்களுக்கு நேற்றுத்தான் தெரியும். ஐந்துதான் நினைவில் இருந்தது, மாமியார் இன்னும் இரண்டு சொன்னார், ஒன்று இப்போது தேயிலைக்குள் மறைந்து கிடக்கிறது.) மூன்று, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பை மத்திய அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும், வேளாண் மண்டலத்தில் ராமநாதபுரத்தையும் விடுபட்ட டெல்டாப் பகுதிகளையும் மாநில அரசு சேர்க்க வேண்டும். மூன்றாவதை ஏன் நாம் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள், அப்போது கோடநாடு காட்சிமுனையைச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.

கம்ப்ரசர் அண்ணா, ஒரு உதவி. நான் வாசித்துக் காட்டினால் மாமியார் நம்புவார், ஊர் நம்பாது. அக்டோபர் 2 காலை பதினொரு மணிக்கு நீங்களே வந்து பத்து நிமிடம் பேச முடியுமா? மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.


கம்ப்ரசர் வண்டி எழுதியது:

வருகிறேன் தங்கச்சி. அன்றைக்கு வண்டி லீவுதான். அரவேனு பக்கம் போன மாதம் போட்ட போரின் கல் தூள் ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன், அடியாழத்துக் கல் சில்லும் நான்கைந்து இருக்கிறது, கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். வாத்தியார் ஊருக்குப் போனால் அவர் வயலில் ஆழத்தில் எடுத்த களிமண் ஒரு கட்டி காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் பேசவே வேண்டியதில்லை.


நீடாமங்கலம் வாத்தியார் எழுதியது:

காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். அந்தக் குச்சி நட்ட இடத்திலேயே எடுத்து வருகிறேன்.